3 ஏக்கர் சரிவு நிலத்துக்கு ஜீரோ டர்ன் வேண்டாம்

ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் 3 ஏக்கர், பாதி சரிவு, அடியில் குட்டை, மலிவாக ஒரு பழைய ஜீரோ டர்ன் (நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டி வண்டி) கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அதில் திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தான், ஈரப்புல்லில் அவை வழுக்கினால் வண்டி நேராகக் குட்டைக்குள் போகும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் சரிவை அளந்து பாருங்கள். ஒரு மீட்டருக்கு 27 சென்டிமீட்டர் உயர்ந்தால் சுமார் 15 டிகிரி, பெரும்பாலான ரைட்-ஆன் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) கையேடுகள் அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்றே சொல்கின்றன. அதற்குள் இருந்தால் ஸ்டியரிங் வைத்த, 42 அங்குல அகலம் வெட்டும் லான் டிராக்டர் போதும். மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம், குட்டைக் கரைப் புல்லை மட்டும் கைக்கருவியால் வெட்டிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி என்றால் அரை மணி நேரம் ஓட்டிச் சூடானபின் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். ஹைட்ரோஸ்டேட்டிக் கியர் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் அமைப்பு) தேய்ந்திருந்தால் அப்போதுதான் இழுவை குறையும், குளிர்ந்த நிலையில் எதுவும் தெரியாது, விற்பவரும் சொல்ல மாட்டார்.

அப்புறம் பராமரிப்பு. சுமார் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில், கத்தியைக் கழற்றும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோலைக் குளிர்காலம் முழுக்க டேங்கில் விடாதீர்கள், கார்பரேட்டர் அடைத்துக்கொள்ளும். டெக்கின் (கத்தியை மூடியிருக்கும் தகட்டுக் கூடு) அடியில் ஒட்டிய புல்லை அன்றன்றே சுரண்டுங்கள், தகடு துருப்பிடிப்பது அங்கிருந்துதான். வசந்தத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டால் டெக்கை முழுதாக உயர்த்தி ஒருமுறை, சில நாள் கழித்து இறக்கி இன்னொருமுறை வெட்டுங்கள்.