வாசகர் கேள்வி: சம வாக்கு வந்தால் குலுக்கல்தானா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சட்டமன்றத் தொகுதியின் முடிவைக் குலுக்கல் போட்டு எடுத்தார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். வர்ஜீனியா மாநிலம், நியூபோர்ட் நியூஸ் ஊரில் உள்ள 94-வது தொகுதி. 2017 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி பத்தே ஓட்டில் முன்னிலை. மறுபடி எண்ணினால் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்துவிட்டார். சரி, முடிந்தது என்று பார்த்தால், மறுநாள் ஒரு வாக்குச்சீட்டு நீதிபதிகள் முன்னால் வந்து நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பேர் வட்டத்தையும் கறுப்பாக்கி, சைமண்ட்ஸ் வட்டத்தின் மேல் மட்டும் ஒரு கோடு இழுத்திருந்தார். அது யான்சிக்கு என்று தீர்ப்பாக, ஆளுக்கு 11,608 ஓட்டு!

அங்கே சட்டப்படி சமமானால் சீட்டுக் குலுக்கல்தான் (நம் நாட்டுத் தேர்தல் சட்டமும் அதையேதான் சொல்கிறது). 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயர்களையும் பழைய ஃபிலிம் டப்பாக்களில் அடைத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். வந்தது யான்சி பெயர். அவையில் குடியரசுக் கட்சிக்கு 51, எதிர்த்தரப்புக்கு 49. அந்த டப்பா மாறி வந்திருந்தால் 50-50, அவைக்கு யார் தலைமை என்பதே இழுபறியாகியிருக்கும். என்னைக் கேட்டால் மறுதேர்தல்தான் நியாயம், செலவானாலும் பரவாயில்லை. அப்புறம், 2019-ல் அதே இருவர் மோதியதில் சைமண்ட்ஸ் குலுக்கல் இல்லாமலே ஜெயித்தார்.