யூனிட்டி 6: கட்டணமும் தொடக்க லோகோவும்

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் 2023 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) ஹப்பில் (யூனிட்டி பதிப்புகளை நிறுவும் செயலி) இல்லை, கேம் தொடங்கும்போது வரும் யூனிட்டி லோகோவை எடுக்க முடியவில்லை, கேமின் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் தேடும் 2023 எல்டிஎஸ்தான் யூனிட்டி 6 என்று பெயர் மாறியது, ஹப்பில் 6000.0 என்று இருக்கும். 2023 செப்டம்பரில் அறிவித்த ரன்டைம் கட்டணத்தை (கேம் இன்ஸ்டால்களுக்கு வசூலிக்கவிருந்த தொகை) 2024 செப்டம்பரில் முழுதாகக் கைவிட்டார்கள், பயம் வேண்டாம்.

யூனிட்டி 6-இல் பெர்சனல் (இலவச) லைசென்ஸ் வரம்பு 2,00,000 டாலர். கடந்த 12 மாத வருமானத்தோடு, வெளியிலிருந்து வாங்கிய நிதியும் இதில் சேரும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

லோகோவுக்கு: புராஜெக்ட் செட்டிங்ஸ், பிளேயர், ஸ்பிளாஷ் இமேஜ், அங்கே ‘ஷோ ஸ்பிளாஷ் ஸ்கிரீன்’ டிக்கை எடுங்கள். 2022 பதிப்பில் இலவச லைசென்ஸுக்கு அது நடக்காது. யூனிட்டி 6-க்கு மாற்றும் முன் முழு புராஜெக்டையும் நகலெடுங்கள். மேலேற்றியதைப் பழைய பதிப்பில் நம்பித் திறக்க முடியாது.