படிப்பகத்தை நிறுத்த வேண்டாம் அக்கா: பிளஸ் டூ படிக்கும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அக்கா,

மகள் சாயங்காலம், பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் படிப்பகத்துக்குப் போய்விட்டு எட்டரைக்குத்தான் வீடு திரும்புகிறாள், அங்கே டியூஷன் மாதிரி பாடமும் நடத்துவதில்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவர் ஒருவர் ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தால் இன்ஜினியரிங் சீட்டை இப்போதே உறுதி செய்துவிடலாம் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படிப்பகத்தை நிறுத்தாதீர்கள். அந்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். அதில் கிடைக்காமல் பொது கவுன்சலிங்கில் சேர்ந்தாலும், குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. இரண்டுமே கவுன்சலிங் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும்தான். அந்தத் தெரிந்தவர் வாங்கித் தருவதாகச் சொல்வது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடம். அதில் சேர்ந்தால் இரண்டும் போய்விடும், நாலு வருஷக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கல்லூரியே கூட சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் விதி.

படிப்பகத்தில் பாடம் நடத்துவதில்லை என்பது உங்கள் குறை. பாடத்துக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கல்லூரிக்குப் போன ஒருவர்கூட இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இல்லாதது, விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்கார ஒரு ஆள். வசதியான வீட்டில் அந்த வேலையை அப்பாவோ சித்தப்பாவோ செய்துவிடுகிறார். உங்கள் ஏரியாவில் அதைச் செய்வது படிப்பகத்துக்கு வந்துபோகிற சீனியர் பிள்ளைகள்தான். போன வருஷம் கவுன்சலிங் முடித்த பெண், எந்தக் கல்லூரியில் பஸ் கட்டணம் தனி, எந்த விடுதியில் தண்ணீர் வராது என்பதுவரை சொல்லிவிடுவாள். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் போல இப்போது நல்ல இடவசதியோடும் படிக்கும் இடங்கள் வருகின்றன. ஆனால் நாற்காலியும் கம்ப்யூட்டரும் மட்டும் போதாது. கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது சான்றிதழ் வேலை. வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவையில் விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய்தான். சாதிச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் அங்கே கூட்டம் தாங்காது. கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) என்று ஒவ்வொரு மேஜையாக நகர்ந்துதான் சான்றிதழ் வரும். சில வருஷங்களாக மே முதல் வாரத்திலேயே இன்ஜினியரிங் பதிவு தொடங்கிவிடுகிறது. மகளின் ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கிறதா, ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகள் எல்லாம் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில் சரியாக இருக்கின்றனவா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். நடுவில் ஊர் மாறிய குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல் வருகிறது. அவள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரையும் இணைத்து வையுங்கள். 2022 முதல் தருகிற புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக உண்டு.

அப்புறம், பதிவை பிரவுசிங் சென்டரில் போடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் மொபைல் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுவார். பிறகு ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். சீட் ஒதுக்கீடு வந்த பிறகு அதை ஏற்க இரண்டு நாள்தான் அவகாசம். அந்த நேரம் பார்த்துக் கடை பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் வீட்டு நம்பரைக் கொடுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள்.

கல்லூரி வரிசை போடும்போது ‘நம் கட்-ஆஃபுக்கு இது கிடைக்காது’ என்று பிள்ளைகள் பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். அது தேவையில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, காலியாக இருப்பதில் முதலில் வருவதைத்தான் ஒதுக்குவார்கள். மிகவும் பிடித்தது மேலே, அடுத்தது அதற்குக் கீழே என்று எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். போன வருஷக் கட்-ஆஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படிப்பகத்துச் சீனியரோடு ஒரு முறை தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்க் குறைந்தாலும் கம்பெனி வேலைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும்.

எட்டரை மணி என்ற உங்கள் கவலை நியாயமானது. படிப்பகத்தில் பேசி, பெண் பிள்ளைகளை எட்டு மணிக்கே சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்காரரை ஒரு நாள் போய் அழைத்து வரச் சொல்லுங்கள். போகும்போது ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும். வருமானச் சான்றிதழ் விண்ணப்பத்தைச் சீனியர் பிள்ளைகள் உதவியோடு அங்கேயே ஆன்லைனில் போட்டுவிடலாம்.