தங்கையைக் கேட்டீர்களா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கணையப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டதாக மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்னார்கள். ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோவுக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகளாக எந்த ஸ்கேனிலும் கட்டி தெரியவில்லை. டாக்டர் மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார். தங்கைக்கு வரன் பார்ப்பதால் நானும் அம்மாவும் வேண்டாம் என்றுவிட்டோம். அப்பாவுடன் பிறந்த அத்தையும் 43 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அப்பா முழுவதும் குணமாகிவிட்டார் என்று நம்பலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: குணம் என்று நான் எழுத மாட்டேன். பரவிய கணையப் புற்றுநோயில் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற இந்த மருந்துக் கூட்டைச் சோதித்த பிரெஞ்சு ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் பாதிப் பேர் ஏறக்குறைய 11 மாதங்களுக்குள் இறந்துவிட்டார்கள். பழைய மருந்தில் ஏழு மாதம்கூட இல்லை. உங்கள் அப்பா பிழைத்து நிற்பது அபூர்வம். ஸ்கேனையும், கட்டி திரும்புகிறதா என்று கவனிக்க உதவும் சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

தம்பி, தங்கைக்கு வரன் பார்ப்பதால் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அவளைக் கேட்டீர்களா? அப்பாவையாவது கேட்டீர்களா?

அந்த மருந்துக் கூட்டில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற பிளாட்டின மருந்து இருக்கிறது. மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ளவர்களின் கட்டி, பிளாட்டின மருந்துகளுக்கு நன்றாகக் கரைவதுண்டு. அப்பா பிழைத்ததற்கும் அத்தை 43 வயதில் போனதற்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிழை இருந்தால், அத்தகைய கட்டிகளுக்குத் தரும் ஒலாபரிப் மாத்திரை அவருக்கு உதவுமா என்று டாக்டர் யோசிப்பார். அவருக்கு இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பிழை வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கைக்கு வந்திருந்தால் மார்பக எம்.ஆர்.ஐ. ஸ்கேனை 25 வயதிலேயே தொடங்கச் சொல்வார்கள். சினைப்பையைப் பற்றியும் பேச வேண்டிவரும். உங்களுக்கு வந்திருந்தால் கணையத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் ஆபத்து. உங்கள் உடம்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பெண்ணின் உடம்பு மட்டும் மூடி மறைக்க வேண்டிய சங்கதியா?

மறைத்து முடிக்கிற சம்பந்தம் எனக்குச் சம்மதமில்லை. இதைக் கேட்டு விலகுகிற மாப்பிள்ளை வீடு இப்போதே விலகட்டும். அவளுக்கு முப்பத்தைந்தில் கட்டி வந்தால் அந்த வீட்டில் யார் கூட நிற்பார்கள்? அண்ணனாக அவளுக்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் சீர் இந்தத் தகவல்தான். நகையும் பாத்திரமும் பிறகு வாங்கலாம்.

நோய் கண்டவரை முதலில் சோதிப்பதுதான் முறை. அவரிடம் பிழை எங்கே என்று தெரிந்தால்தான் பிள்ளைகளிடம் எதைத் தேடுவது என்று தெரியும். அப்பா நன்றாக இருக்கும்போதே அவரிடம் பேசி, அவர் சம்மதித்தால் ரத்தம் கொடுக்க அழைத்துப் போங்கள். அதற்குமுன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தான் சோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.