நம்பகமான தமிழ்த் தட்டச்சுச் செயலியை வைரஸ் தடுப்பான் அழித்தால், தடுப்பானை அணைக்கலாமா?

பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் தமிழ் விசைப்பலகைச் செயலியைப் புதிய மடிக்கணினியில் பதிவிறக்கியவுடன் விண்டோஸ் டிஃபெண்டர் அதை நச்சுநிரல் என்று சொல்லி அகற்றிவிடுகிறது, தடுப்பானைச் சற்று நேரம் அணைத்துவிட்டு நிறுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அணைக்க வேண்டாம். கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். கணினி பழுதுபார்க்கும் சிலர் முதல் வேலையாகத் தடுப்பானை அணைத்துவிடுவதும், மறுபடி இயக்க மறந்துவிடுவதும் எனக்கு உடன்பாடில்லாத பழக்கம்.

இந்த வகைச் செயலி ஏன் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பில் நீங்கள் எச் விசையை அழுத்தினால், அந்த அழுத்தம் வேர்டுக்கோ உலாவிக்கோ போய்ச் சேரும் முன்பே செயலி அதை இடைமறித்து, அதற்குப் பதிலாக 'க' என்ற எழுத்தை அனுப்புகிறது. வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் நிரலும் விசைகளை இதே இடத்தில் நின்றுதான் உளவு பார்க்கிறது. நடத்தையை வைத்து எடைபோடும் தடுப்பானுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிவதில் வியப்பில்லை. மேலும், தன்னார்வலர்கள் இலவசமாகத் தரும் செயலிகள் பலவற்றில், செய்தவர் யார் என்பதை உறுதிப்படுத்தும் மின்னியல் கையொப்பம் இருப்பதில்லை. அந்தக் கையொப்பம் இடத் தேவையான சான்றிதழுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதிவிறக்குபவர்களும் குறைவு என்பதால் அந்தக் கோப்புக்கு நற்பெயர் சேர வாய்ப்பே இல்லை. பெரிய மென்பொருள்களும் தப்புவதில்லை: 2022 செப்டம்பரில் டிஃபெண்டர், குரோம் உலாவியையே நச்சுநிரல் என்று எச்சரித்து, பிறகு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

ஆனாலும் 'தெரிந்த செயலிதானே' என்ற எண்ணம் மட்டும் போதாது. 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான செயலியின் 5.33 பதிப்பு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான கையொப்பத்தோடு, நச்சுநிரலைச் சுமந்து வந்தது. ஆகவே செயலியை நம்புவது வேறு, உங்கள் கையில் இருக்கும் கோப்பை நம்புவது வேறு. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையோ ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்தில் கிடைத்ததையோ நீக்கிவிட்டு, செய்தவரின் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

அடுத்து, எச்சரிக்கையை நிதானமாகப் படியுங்கள். நிறுவத் தொடங்கும்போது திரையில் நீலப் பெட்டி எழுந்தால் அது விண்டோஸின் இன்னொரு பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன். 'இந்தக் கோப்பை அதிகம் பேர் பயன்படுத்தியதில்லை' என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். டிஃபெண்டரே பிடித்திருந்தால், அதன் பாதுகாப்பு வரலாற்றைக் காட்டும் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பகுதியில் அது சூட்டிய பெயர் இருக்கும். பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியோடு எம், எல் என்ற இரு ஆங்கில எழுத்துகள் (!ml) வந்தால், அது இயந்திரக் கற்றல் வழியாகச் செய்த கணிப்பு. கணிப்பு தவறலாம், சரியாகவும் இருக்கலாம்.

செய்தவர் தளத்தில் ஷா-256 என்று 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவையை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒன்றைக் கொடுத்திருந்தால், உங்கள் கோப்பின் கோவையோடு ஒப்பிடுங்கள். கோப்புகளைச் சுருக்க உதவும் 7-ஜிப் செயலியை நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலச்சொடுக்கினாலே அதைக் கணக்கிட்டுத் தரும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தக் கோப்பு வேண்டாம். ஒத்திருந்தால் அதே கோவையை வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுங்கள். ஏறத்தாழ 70 தடுப்பான்களின் தீர்ப்பு ஒரே பக்கத்தில் கிடைக்கும். அதிகம் அறியப்படாத ஓரிரண்டு மட்டும் பொதுப்படையான பெயரில் குறைசொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெயர்பெற்ற பல தடுப்பான்கள் ஒரே நச்சுநிரல் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் விட்டுவிடுங்கள். அங்கே பதிவேற்றுபவை பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும் என்பதால், மாணவர் விவரம் உள்ள எந்தக் கோப்பையும் அத்தளத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால், 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் அந்த ஒரு பதிவை மட்டும் அனுமதியுங்கள். 'டவுன்லோட்ஸ்' கோப்புறை முழுவதற்கும் விலக்கு கொடுப்பது, வருகிற எல்லாருக்கும் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். பின்னர் மைக்ரோசாஃப்டின் கோப்பு ஆய்வுப் பக்கத்தில் 'தவறாக அடையாளம் காணப்பட்டது' என்று குறித்து அனுப்புங்கள். செயலியைச் செய்தவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். திருத்தம் வந்து, தடுப்பான் புதுப்பிக்கப்பட்ட பிறகு, கொடுத்த அனுமதியை நீக்கிப் பாருங்கள். எச்சரிக்கை திரும்ப வராவிட்டால் அந்த அனுமதி இனித் தேவையில்லை.

மடிக்கணினி பள்ளியினுடையது என்றால் இவற்றில் எதையும் நீங்களாகச் செய்யாமல், அதைப் பராமரிக்கும் பொறுப்பாளரிடம் அந்த ஷா-256 கோவையையும் எச்சரிக்கையின் படத்தையும் கொடுத்துவிடுங்கள். இடைப்பட்ட காலத்தில் தட்டச்சு நிற்க வேண்டியதில்லை; இப்போதைய விண்டோஸில் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால், தமிழ் 99 விசைப்பலகை தனிச் செயலி எதையும் பதிவிறக்காமலே கிடைக்கிறது.