தொலைவில் நிற்க வேண்டிய மலை: வாசகர் கேள்வி – பதில்

கற்பனை உலகங்களின் நிலக்காட்சிகளைக் கணினியிலும் டேப்லெட்டிலும் வரையும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை கணிசமாகச் சேர்ந்துவிட்டன. அவற்றில் பல, வரைந்த படத்தைப் பற்றிப் பிறர் சொல்லும் கருத்தை எப்படிக் கையாள்வது, பிறர் படத்தைப் பற்றி நாம் எப்படிக் கருத்துச் சொல்வது என்பதைச் சுற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வானத்தில் மிதக்கும் மூன்று தீவுகளையும், அவற்றின் விளிம்பிலிருந்து கொட்டும் அருவிகளையும் கிரிட்டா மென்பொருளில் இரண்டு வாரம் உழைத்து வரைந்தேன். ஒரு தோழி நிறம் மங்கலாக இருக்கிறது என்றாள். இன்னொருத்தி பாறைகளில் நுணுக்கம் போதாது என்றாள். என் அண்ணன், தீவுகள் பெரியவையாகவே தெரியவில்லை, தொட்டிச் செடிகளைத் தொங்கவிட்டது போல இருக்கிறது என்றார். யார் சொல்வதைக் கேட்பது?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: மூவருடைய கண்ணும் சரியாகவே பார்த்திருக்கிறது. ஆனால் மூவருக்காகவும் தனித்தனியே திருத்தத் தொடங்கினீர்கள் என்றால், நிறத்தைக் கூட்டி, பாறைகளில் கோடுகளை நிரப்பி, கடைசியில் இன்னும் நெரிசலான ஒரு தொட்டிச் செடியைத்தான் பெறுவீர்கள். ஒரு படத்தில் ஏதோ உறுத்துகிறது என்று பார்ப்பவர் சொன்னால் அதை நம்பலாம். அது எதனால் உறுத்துகிறது என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். உங்கள் அண்ணன் ஊகம் எதையும் சேர்க்காமல் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார் என்பதால், அவர் சொன்னதிலிருந்து தொடங்குவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தை நிறம் முழுவதையும் நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கி, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். முன்னால் இருக்க வேண்டிய தீவும் கடைசியில் இருக்க வேண்டிய தீவும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஓவியர்கள் வேல்யூ என்று சொல்லும் கருமை வெளிர்மை அளவு மூன்று தீவுகளுக்கும் ஒன்றாக இருப்பதால்தான் தொலைவு பிறக்கவில்லை. தொலைவு இல்லாததால் பருமனும் தெரியவில்லை.

இதற்கு உங்கள் ஊரிலேயே ஆசிரியர் இருக்கிறார். மேட்டுப்பாளையம் சாலையில் மழை பெய்து ஓய்ந்த காலையில் நின்று வடக்கே பாருங்கள். பக்கத்துக் கரட்டில் பாறையும் முட்செடியும் தனித்தனியே தெரியும். அதற்கு அப்பால் உள்ள சரிவில் மரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கரும்பச்சையாகிவிடும். அதற்கும் அப்பால் உள்ள முகடு, வானத்தைவிடச் சற்றே அடர்ந்த நீலமாக மட்டும் மிஞ்சும். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியைப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன என்பதால், நமக்கும் மலைக்கும் இடையே உள்ள காற்று தானே ஒரு மெல்லிய நீலத் திரையாகிறது. அந்தத் திரை முதலில் விழுங்குவது கருமையை. லியோனார்டோ டா வின்சி இதை 500 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார். அவருக்கும் ஏறத்தாழ 400 ஆண்டுகள் முன்னால், 1072-இல் ‘இளவேனில்’ என்ற புகழ்பெற்ற மலைக்காட்சியைத் தீட்டிய சீன ஓவியர் குவோ ஸி, மலையை உயரமாகக் காட்ட வேண்டுமானால் அதை முழுவதும் வரையாதே, அதன் இடுப்பைப் பனிமூட்டத்தால் மறை என்ற கருத்தைச் சொன்னார். தைவானின் தாய்பே நகரில் உள்ள அந்த ஓவியத்தின் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு உங்கள் தீவுகளுக்குத் திரும்புங்கள்.

கடைசித் தீவில் உள்ள கருமையான இடங்களை எல்லாம் வானத்தின் நிறத்தை நோக்கி வெளிற விடுங்கள். நடுத்தீவை அதில் பாதியளவு. பாறை நுணுக்கத்தை முன் தீவில் மட்டும் வைத்து மற்ற இரண்டிலும் துடைத்து எடுங்கள். அப்போது முன் தீவின் நிறம், நீங்கள் தொடாமலேயே, செழித்துத் தெரியும். மங்கல் என்ற புகாரும் நுணுக்கம் போதாது என்ற புகாரும் தாமாகவே குறைந்துவிடுவதைக் காண்பீர்கள்.

அருவியைப் பற்றியும் ஒரு சொல். வெனிசுவேலாவில் உள்ள ஏஞ்சல் அருவியின் உயரம் 979 மீட்டர். கர்நாடகத்தின் ஜோக் அருவி 253 மீட்டர். ஏஞ்சல் அருவியில் மழை இல்லாத வறண்ட பருவத்தில் தண்ணீரின் பெரும்பகுதி தரையைத் தொடுமுன்பே சாரலாகிக் காற்றில் கரைந்துவிடுகிறது. உங்கள் அருவிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனுள்ள வெள்ளைப் பட்டையாக விழுவதால், கண் அவற்றைக் குழாய்த் தண்ணீராக அளந்து, தீவையும் அதற்கேற்பச் சிறிதாக்கிவிடுகிறது. பாதி வழியில் அவற்றைப் பிரியவிட்டுப் புகையாக முடியுங்கள்.

கேள்வி: எனக்கு வரையத் தெரியாது. என் மகன் வரைந்த படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது “நல்லா இருக்கு” என்பதைத் தவிர எதுவும் சொல்லத் தெரியவில்லை. தெரியாதவர் குறை சொல்லலாமா என்ற தயக்கமும் இருக்கிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பழங்கிரேக்க ஓவியர் அப்பெலீஸ், தம் ஓவியங்களை வழிப்போக்கர் பார்க்கும்படி வைத்துவிட்டுப் பின்னால் மறைந்து நின்று, அவர்கள் பேசுவதைக் கேட்பார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார். ஒருநாள் ஒரு செருப்புத் தைப்பவர், படத்தில் உள்ள காலணியில் ஒரு வார் குறைகிறது என்றார். அப்பெலீஸ் அதைத் திருத்தினார். மறுநாள் அதே மனிதர் ஓவியத்தில் இருந்த காலையும் குறை சொல்ல, அப்பெலீஸ் வெளியே வந்து, செருப்புக்கு மேலே போக வேண்டாம் என்று அவரைத் தடுத்தாராம். கதையின் பின்பாதியைச் சொல்லித்தான் உலகம் வழக்கமாக எளியவரின் வாயை அடைக்கிறது. முன்பாதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: அந்தக் காலத்தின் தலைசிறந்த ஓவியர், ஒரு செருப்புத் தைப்பவரின் சொற்களைக் கேட்டு, அன்றைக்கே போய்த் திருத்தினார்.

ஓவியத்தின் கலைச்சொற்கள் உங்களுக்குத் தேவையில்லை. படத்தைத் திறந்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று, பிறகு எங்கே சென்று தங்கிற்று, அங்கே நேரம் காலையா மாலையா என்று தோன்றிற்று, அந்தக் கோட்டை எவ்வளவு உயரம் இருக்கும் என்று நினைத்தீர்கள், அந்த இடத்தில் நின்றால் குளிருமா புழுங்குமா என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். மகன் விடியற்காலையை வரைய நினைத்திருக்க, உங்களுக்கு அந்தி என்று பட்டிருந்தால், அந்த ஒரு செய்தி அவருக்குப் பத்துப் பாராட்டுகளைவிடப் பயன்படும். எப்படித் திருத்துவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். பிடித்திருந்தாலும் எது பிடித்தது என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள். அடுத்த திருத்தத்தில் அந்த இடத்தை அழித்துவிடாமல் காப்பதற்கு அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் வரைவது கற்பனை உலகம். ஊதா வானமும் அருகருகே இரண்டு பிறை நிலவுகளும் வைத்தேன். வானம் ஊதாவாக இருக்காது, நிலவும் தவறு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கற்பனைக்கு இயற்கையின் விதியைப் பொருத்திப் பார்ப்பது நியாயமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: வானத்தைப் பற்றி அவர் சொன்னதை நீங்கள் தாராளமாக ஒதுக்கலாம். ஊதா உங்கள் தேர்வு. தரையிலும் நீரிலும் அந்த ஊதாவின் சாயலைப் படரவிட்டு அதற்கு நீங்கள் நேர்மையாகவும் இருந்திருக்கிறீர்கள். நிலவைப் பற்றி அவர் சொன்னது வேறு வகை. காரணத்தை அவர் சொல்லாமல் விட்டதுதான் குறை.

நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது. எத்தனை நிலவுகள் இருந்தாலும், அவை ஒரே சூரியனிடமிருந்து ஒளி பெறும்வரை, ஒவ்வொன்றின் ஒளிரும் விளிம்பும் அந்தச் சூரியன் இருக்கும் திசையையே பார்க்கும். உங்கள் படத்தில் அந்தி வெளிச்சம் இடது ஓரத்து அடிவானத்தில் இருக்கிறது. இடப்பக்கப் பிறை சரியாக இடப்புறம் ஒளிர, வலப்பக்கப் பிறை வலப்புறம் ஒளிர்கிறது. பார்ப்பவர் வானியல் படித்திருக்க மாட்டார். ஆனாலும் இரண்டு நிலவுகளும் வெவ்வேறு படங்களிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை என்ற உணர்வு அவருக்கு வந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், அந்தி வெளிச்சத்தை அவற்றுக்கு நடுவே, கீழே அடிவானத்துக்கு நகர்த்துங்கள். அப்போது இரு பிறைகளும் உட்புறமாகச் சரிந்து ஒளிர்வது முழுக்க நியாயமாகிவிடும், அமைப்பும் இப்போதிருப்பதைவிட அழகாக இருக்கும். பெரிய பிறையின் கொம்புகளுக்கு இடையே வைத்திருக்கும் விண்மீனை மட்டும் எடுத்துவிடுங்கள். அங்கே நிலவின் இருண்ட உடல் இருக்கிறது.

நிலவின் பருமனைப் பொறுத்தவரை உங்களுக்கு முழு உரிமை உண்டு. நம் நிலவு வானத்தில் அரை பாகை அகலம்தான். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகமே அதை மறைத்துவிடும். உங்கள் உலகத்தில் அது வானத்தின் கால்பங்கை நிறைக்கட்டும்.

கேள்வி: படம் முடிந்த பிறகு கருத்துக் கேட்பதா, இடையில் கேட்பதா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: தம்ப்நெயில் என்று சொல்லப்படும் சிறு வரைவு நிலையிலேயே ஒருமுறை கேளுங்கள். மலையை இடம் மாற்ற அப்போது ஒரு நிமிடம் போதும்; நாற்பது லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகள், சேர்ந்த பிறகு அதே மாற்றம் ஒரு வாரத்தை விழுங்கும், மனமும் இடம் கொடுக்காது. கேட்கும்போதும் “எப்படி இருக்கிறது” என்று பொதுவாகக் கேட்காமல், “இந்தப் பாதை உங்களைக் கோபுரம் வரை கொண்டுபோகிறதா” என்பது போல ஒன்றைக் குறித்துக் கேளுங்கள்.

கேள்வி: கடலும் பாறையும் மட்டும் உள்ள சாம்பல் நிறக் காட்சி ஒன்றை வரைந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். ஒரு டிராகனைச் சேர்த்துவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பலர் தனித்தனியே ஒன்றையே சொன்னால் அதற்குச் செவிகொடுத்தே ஆக வேண்டும். ஆனால் டிராகன் வேண்டாம். 1832-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில், ஆங்கில ஓவியர் டர்னரின் சாம்பல் நிறக் கடற்காட்சிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆங்கில ஓவியரான கான்ஸ்டபிளின் செம்மை மிகுந்த தேம்ஸ் நதிக் காட்சி மாட்டப்பட்டிருந்தது. திறப்பு விழாவுக்கு முன் ஓவியர்கள் இறுதித் திருத்தம் செய்யும் நாள்களில், டர்னர் வந்து இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தம் கடலின் மேல் ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரிய சிவப்புப் பொட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பிறகு வந்து அதைக் கடலில் மிதக்கும் மிதவையாக வடிவமைத்தார். அத்தனை சாம்பலுக்கு நடுவே அந்த ஒரு பொட்டு, பக்கத்துப் படத்தின் செம்மை முழுவதையும் மங்கச் செய்தது. உங்கள் பாறைகளில் ஒன்றின் அடியில் ஒரு விளக்கு வெளிச்சம், அல்லது மிகச் சிறிய ஒரு மனித உருவம் போதும். மனித உருவமானால் பாறையின் உயரமும் சேர்த்தே விளங்கிவிடும்.

கேள்வி: நான் பகிர்ந்த காட்டுக் காட்சியின் மேலேயே ஒருவர், என்னைக் கேட்காமல், வரைந்து திருத்தி அனுப்பிவிட்டார். அவமானமாக இருந்தது. ஆனால் அவர் திருத்தியது என் படத்தைவிட நன்றாகவும் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, சேலம்

பதில்: கேட்காமல் செய்தது தவறு, அதை அவரிடம் கோபமின்றிச் சொல்லுங்கள். பிறர் படத்தின் மேல் வரைந்து காட்டுவதற்கு முன் “செய்யலாமா” என்று ஒரு சொல் கேட்பது ஓவியர்களுக்குள் இருக்க வேண்டிய அடிப்படை மரியாதை. உங்கள் கை பட்ட இடத்தில் இன்னொரு கை விழும்போது வலிக்கத்தான் செய்யும். எனக்கும் தொடக்கக் காலத்தில் இது நேர்ந்திருக்கிறது. அந்தப் படத்தை நான் பல மாதங்கள் திறக்கவே இல்லை. அந்த மாதங்கள் வீணாகப் போனவை என்று இன்று நினைக்கிறேன்.

அவர் அனுப்பியதை உங்கள் கோப்பில் ஒரு லேயராக வைத்து, அதை மறைத்தும் காட்டியும் பத்து முறை பாருங்கள். எது மாறியிருக்கிறது என்பதைத் தாளில் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டையும் அப்படிப் பார்த்ததில், அவர் மூன்றே மூன்று செய்திருக்கிறார்: பின்னணி மரங்களின் விளிம்புகளை மென்மையாக்கியிருக்கிறார், வெயில் விழும் திட்டுகளை ஏழிலிருந்து ஒன்றாகக் குறைத்திருக்கிறார், முன்னால் உள்ள வேரை இருட்டாக்கியிருக்கிறார். எழுதி முடித்ததும் அந்த லேயரை நீக்கிவிடுங்கள். மறுநாள், உங்கள் கோப்பின் நகல் ஒன்றில், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பிரஷ்ஷால் செய்து பாருங்கள். வெயில் திட்டு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதில் நீங்கள் அவரோடு உடன்பட வேண்டியதில்லை. அவர் அதை வலப்பக்கப் புதரில் வைத்திருக்கிறார், எனக்கு அது உங்கள் பழைய படத்தில் இருந்த ஓடைக்கல்லின் மேல் விழுவதே பிடித்திருக்கிறது. கிரிட்டாவில் எம் (M) விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் போல இடவலம் மாறித் தெரியும்; இரண்டு இடங்களிலும் வைத்து, அப்படித் திருப்பியும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.