மாமி வருவதற்கு முன் அந்தப் படிக்கட்டு

கேள்வி: நான் கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகி கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தபின் இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கவாசலால் படியிறங்கி வரவேண்டும். கணவருக்கு இரவு வேலை, பகலில் உறங்குவார். நவம்பரில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிய நாளிலிருந்து எனக்குக் காலையில் எழும்பவே மனமில்லை. பொங்கலுக்கு முதல் மாமி ஊரிலிருந்து வருகிறார். அவருக்கு 67 வயது. வீடு இருட்டாகவும் குளிராகவும் கிடக்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், ஒன்றையும் தொடங்க முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பக்கவாசலிலிருந்து தொடங்குங்கள், தங்கச்சி.

பனியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, அந்த வீட்டுக்கே போய் அவர்கள் இனி எப்படிப் பாதுகாப்பாக நடமாடலாம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பல வருடங்களாகப் பேஸ்மென்ற் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். உங்கள் மனச்சோர்வையும் வீட்டு வேலையையும் இரண்டு பிரச்சினைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. காலையில் பத்து நிமிடம் அந்தப் படிக்கட்டுக்குக் கொடுத்தால் இரண்டுக்கும் வேலை நடக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் உடம்பைப் பற்றி. ரொறன்ரோவில் டிசம்பர் 21 அன்று சூரியன் காலை 7.48 அளவில் எழும்பி மாலை 4.43 அளவில் விழுந்துவிடுகிறது. பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. கிளிநொச்சியில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணித்தியாலம் வரும். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் உடம்பு எழும்பும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் கணக்குப் பண்ணுகிறது. அந்தக் கணக்கு குழம்பும்போது சோர்வு வரும், தூக்கம் கூடும், மாப்பண்டத்திலும் இனிப்பிலும் ஆசை வரும். இதை உங்கள் சோம்பல் என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நோர்மன் ரொசென்தால் என்ற மனநல மருத்துவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1976-இல் அமெரிக்காவுக்கு வந்தவர். அங்கே குளிர்காலம் வந்ததும் தன் சுறுசுறுப்பு குறைவதைக் கவனித்தார். 1984-இல் அவரும் சக ஆய்வாளர்களும் பருவகால மனச்சோர்வைப் பற்றி எழுதினார்கள். வெயில் நாட்டிலிருந்து வந்த ஒருவர்தான் அதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணவர் பகலில் உறங்குவதால் வீடு முழுவதும் திரை மூடியே கிடக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கு இருட்டு தேவைதான், அதில் கைவைக்க வேண்டாம். ஆனால் அந்த இருட்டு படுக்கையறைக்குள் மட்டும் இருக்கட்டும். அங்கே தடித்த திரையாகப் போட்டு, கதவின் அடியில் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள். மற்ற ஜன்னல்களை விடிந்ததும் திறந்துவிடுங்கள். நீங்கள் விழித்த பிறகு அந்த அறையில் இருக்காதீர்கள்.

சரி, இனி அந்தப் பத்து நிமிடம். காலையில் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுவீர்கள்தானே? கேத்தில் கொதிக்கும் நேரத்தில் ஜாக்கெற்றையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு படியேறி வெளியே போங்கள். முகம் கழுவாவிட்டாலும் பரவாயில்லை. வெளிச்சம் வந்த பிறகு போகவேண்டும், அதுதான் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் எட்டரை மணியளவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நன்றாக விடிந்தபின், மேகம் மூடிய நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். லைற் போட்ட அறைக்குள் சில நூறுதான். நம் கண்ணுக்கு இரண்டும் வெளிச்சமாகத் தெரிந்தாலும் உடம்பின் மணிக்கூட்டுக்கு அது பெரிய வித்தியாசம். வெளியே நின்று படிகளைப் பாருங்கள். பனி கிடந்தால் தள்ளுங்கள், ஐஸ் இருந்தால் உப்புத் தூவுங்கள், ஒன்றும் இல்லையென்றால் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். பிறகு தேத்தண்ணி.

மனம் வந்தால் செய்வேன் என்று இருந்தால் மார்ச் வரை மனம் வராது. கை முதலில் அசைந்தால் மனம் பின்னால் வரும். மனச்சோர்வுச் சிகிச்சையில் 1970களிலிருந்தே இதை ஒரு முறையாகப் பயன்படுத்துகிறார்கள்: செய்யவேண்டிய ஒரு சிறு காரியத்தையும் அதற்கான நேரத்தையும் முதல் நாளே எழுதிவைத்து, மனநிலை எப்படி இருந்தாலும் அந்த நேரத்தில் செய்துவிடுவது. நீங்களும் ஒரு கொப்பியில் இரவே ஒரு வரி எழுதுங்கள். ‘வீட்டைச் சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘9 மணி, கைபிடியின் ஆணியை இறுக்குவது’ என்று எழுதுங்கள். செய்து முடித்ததும் வெட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

இன்னொரு செய்தி. மாலை இருட்டுவது டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தத் தொடங்கிவிடும். காலை இருட்டு மட்டும் ஜனவரி முதல் வாரம் வரை நீளும். மாமி வரும்போது பகல் வளர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் இதே நிலை என்றால், பசியோ தூக்கமோ நன்றாக மாறியிருந்தால், குடும்ப மருத்துவரிடம் கட்டாயம் போங்கள். இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவற்றின் குறைபாடும் இதே சோர்வைத் தரும். இந்த அகலாங்கில் குளிர்கால வெயில் நம் தோலில் வைற்றமின் டி உண்டாக்கப் போதாது, நம்மைப் போன்ற கரிய தோலுக்கு இன்னும் போதாது. எவ்வளவு எடுக்கவேண்டும் என்று அவரிடமே கேட்டு எடுங்கள். 10,000 லக்ஸ் சிகிச்சை விளக்கு பலருக்கு உதவுகிறது. காலையில் அரை மணி நேரம் அதன் முன் இருக்கவேண்டும். கண் நோயோ, மனம் மிதமிஞ்சிக் கிளர்ந்தெழும் நோயோ இருந்தவர்கள் கேட்காமல் வாங்கக்கூடாது. உயிரோடு இருப்பது எதற்கு என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு அழையுங்கள். கனடாவில் எங்கிருந்தும், எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இனி படிக்கட்டு. நான் பார்த்த விழுகைகளில் நிறைய, கொட்டும் பனியில் நடந்தவை இல்லை. மறுநாள் நடந்தவை. பகலில் கூரைப் பனி உருகி, பீலியிலிருந்து சொட்டி, பக்கவாசல் படியில் வந்து விழும். இரவில் அது கண்ணாடிபோல் உறைந்துவிடும். காலையில் பார்த்தால் ஈரம் என்றுதான் தோன்றும். ஒரு வீட்டில் அந்தச் சொட்டு மேலிருந்து இரண்டாவது படியில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒரு படியில்தான் அந்த அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நான் போன அன்றும் அதே இடத்தில், உள்ளங்கையளவில் ஐஸ் இருந்தது. ஆகவே உங்கள் படியில் நின்று ஒரு தடவை மேலே அண்ணாந்து பாருங்கள். சொட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பீலியைத் திருத்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்கலாம்.

உப்பைப் பற்றி ஒரு திருத்தம். அதிகம் கொட்டினால் அதிகம் உருகும் என்று நினைக்கிறோம். பத்துச் சதுர நடைபாதைக் கற்களுக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை உப்பு போதும். முதலில் பனியைத் தள்ளிவிட்டு, பிறகு பரவலாகத் தூவுங்கள். சாதாரணக் கல்லுப்பு சுமார் மைனஸ் 10 பாகைக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அந்த நாட்களில் மணல்தான் நல்லது. அது உருக்காது, ஆனால் கால் பிடிக்கும். நாம் கொட்டும் உப்பு எங்கும் மறைந்துபோவதில்லை. ஹைலண்ட் கிறீக் வழியாக ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது, ரொறன்ரோவுக்குக் குடிநீர் தரும் ஏரி அது. பனியை அள்ளி எறிவதைவிட ஷவலால் தள்ளுவது முதுகுக்கும் இதயத்துக்கும் நல்லது. இரவு வேலை முடித்துக் களைத்து வரும் கணவரிடமும், வந்த பிறகு மாமியிடமும் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கும் நேரத்தில் பாரம் தூக்குவது வயதான இதயத்துக்கு ஆபத்து.

படியின் விளிம்பில் நிறமான ஒட்டுநாடா ஒட்டுங்கள். ஆள் வந்தால் தானாக எரியும் லைற் ஒன்றை வாசலில் பூட்டுங்கள். கைபிடி இரு பக்கமும் இருக்கவேண்டும், ஆட்டிப் பார்த்தால் அசையக்கூடாது. உள்ளே கதவடியில் ஒரு கதிரை போடுங்கள். குனிந்து, ஒற்றைக்காலில் நின்று பூட்ஸ் கழற்றும்போது விழுகிறவர்கள் நிறையப் பேர். கதிரைக்குப் பக்கத்தில் பூட்ஸ் வைக்க ஒரு தட்டு இருந்தால் உருகிய தண்ணீர் தரையில் ஓடாது. வெறும் கம்பளிக் காலுறையோடு ஓடுபதித்த தரையில் நடப்பதும் ஐஸில் நடப்பது போலத்தான். அடியில் ரப்பர் புள்ளி உள்ள காலுறை வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது புகை எச்சரிக்கை மணி. இதை நான் சற்று அழுத்தித்தான் சொல்வேன். சாம்பிராணி போட்டாலும் கறி தாளித்தாலும் அடிக்கிறது என்று பற்றரியைக் கழற்றிவைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்ரிக் தொப்பியை அதற்கு மாட்டியிருந்தார்கள். பொங்கலுக்கு மாட்டியது, சித்திரையிலும் அப்படியே இருந்தது. தாளிக்கும்போது விசிறியைப் போடுங்கள், படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள், மணியைத் தொடாதீர்கள். பின்புறம் தயாரித்த திகதி இருக்கும். பத்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றவேண்டும். வாடகை வீட்டில் மணிகளைப் பூட்டுவதும் சோதிப்பதும் ஒன்ராறியோ சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு.

கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கான மணியும் அப்படித்தான். எரிவாயுவில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் உறங்கும் இடத்துக்கு அருகில் அது இருக்கவேண்டும் என்பது 2014 முதல் சட்டம். 2026 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தளத்திலும் இருக்கவேண்டும். ஃபேர்னஸ் இருப்பது பெரும்பாலும் பேஸ்மென்றில்தான், அதாவது உங்களுக்குப் பக்கத்தில். அந்த வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்து, காய்ச்சல் இல்லாமல், வெளியே போனால் குறைகிறது என்றால் உள்ளே நிற்காதீர்கள். கணவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911-க்கு அழையுங்கள். பல வீடுகளில் ஃபேர்னஸின் காற்றுக்குழாய்கள் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும். பனி அவற்றை மூடிவிடக்கூடாது. காலையில் படியைப் பார்க்கும்போது அவற்றையும் பாருங்கள். பேஸ்மென்ற் ஜன்னலுக்கு வெளியே உள்ள குழியில் பனி நிறைந்திருந்தால் அதையும் வாருங்கள். அவசரத்துக்கு அதுதான் உங்கள் இரண்டாவது வாசலாக இருக்கலாம்.

பொங்கலன்று வெளியே குளிர் என்பதற்காக எரிவாயு அடுப்பையோ கரி அடுப்பையோ கராஜுக்குள் வைத்துப் பொங்குவது வழக்கமாகிவிட்டது. கதவைத் திறந்துவைத்தாலும் வேண்டாம், அதே வாயு உள்ளே சேரும். திறந்த வெளியில் பொங்குங்கள், முடியாவிட்டால் குசினி அடுப்பிலேயே பொங்குங்கள். பால் அங்கேயும் பொங்கி வழியும்.

குளிர் பற்றி. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை இருக்கவேண்டும் என்பது ரொறன்ரோ மாநகர விதி. ஒரு வெப்பமானி வாங்கி, காலையும் இரவும் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். குறைந்தால் அந்தக் கணக்கைக் காட்டி வீட்டுக்காரரிடம் பேசுங்கள். சரிவராவிட்டால் மாநகரின் சேவை எண்ணான 311-இல் முறையிடலாம். சிறிய மின் ஹீற்றர் வைத்தால் திரையும் கட்டிலும் அதிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி இருக்கட்டும். நேராகச் சுவரில் செருகுங்கள், நீட்டு வயரில் செருகாதீர்கள். அதன்மேல் உடுப்புக் காயப்போடக் கூடாது. உறங்கப்போகும்போது நிறுத்திவிடுங்கள்.

மாமிக்குப் பகலில் போக ஓர் இடமும் வேண்டும். ஸ்காபரோவின் பல நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. ஸ்காபரோ ரவுன் சென்ரர் என்ற கடைத்தொகுதியில் காலையில் முதியவர்கள் நடப்பார்கள். வழுக்காத தரை, போதிய வெளிச்சம். கிழமைக்கு இரண்டு நாள் அவரோடு நீங்களும் நடந்தால் உங்களுக்கும் பேச்சுத்துணை. அவர் வருவது பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான சூப்பர் விசாவில் என்றால் குறைந்தது 1,00,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருப்பீர்கள். அந்தப் பத்திரத்தையும் அதன் தொலைபேசி எண்ணையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, ஊரிலிருந்து வருகிறவர்கள் பருத்திச் சேலையும் செருப்புமாக விமான நிலையத்தில் வந்து இறங்குவார்கள். ஜாக்கெற், தொப்பி, பூட்ஸ் எல்லாவற்றையும் கையில் கொண்டுபோங்கள், காரில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். இன்று மாமியோடு கதைக்கும்போது ஒரு தாளில் பாதத்தை வைத்து நீளத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். தடித்த காலுறைக்கு இடம் இருக்கும்படி அரை அளவு கூட்டி வாங்குங்கள்.